மது என்ற சொல்லை நான் அடிக்கவில்லை

சங்கரன்கோவில் வாசகர் கூட்டத்தில் பாரசீக சூஃபிக் கவிதைகளைப் பற்றிப் பேசினேன். அவற்றில் மது என்றால் இறைக்காதல் என்றதும், கடையநல்லூரிலிருந்து வந்திருந்த என் மாமா எழுந்துவிட்டார்.

"முஸ்லிம் பொம்பள பேசுத பேச்சா இது? அந்த வார்த்தைய விட்டுரு."

"அல்லாவோட கயித்தப் பிடிச்சுக்கிடுங்கன்னு குர்ஆன் சொல்லுது. அதுக்காகக் கயித்துக் கடைக்கா போறோம், மாமா?" என்றேன்.

பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்தார். "எங்க வீட்டுக்காரரு குடிச்சா, தான் யாருன்னே அவருக்குத் தெரியாது. சாமிகிட்ட அப்படித் தன்ன மறந்து கெடக்க முடியும்னா நான் கேக்கணும். வாசிங்க தாயி."

அதுவரை எனக்கு அது வெறும் உருவகம். அன்று அந்தச் சொல் வந்த இடமெல்லாம் குரலை உயர்த்தியே வாசித்தேன். சாராய நாற்றத்தோடு வாழ்கிறவரே கேட்டு வாங்கிய சொல் அது. அதை அடிக்கச் சொல்ல வேறு யாருக்கு உரிமை?