தூணுக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.50. 1993 ஐப்பசி. தலைக்கு இரண்டு பவுண் எண்பது பென்ஸ் கொடுத்து ரிக்கற் எடுத்து, தோர்ண்டன் ஹீத் ரெயில் நிலையத்திலிருந்து பத்து மைல் தூரத்து ஜப்பானுக்கு நானும் மனைவி பவளமும் புறப்பட்டோம். அந்தச் சனி ஞாயிறில் வீட்டுக் கதவு நிலைகளுக்கு வெள்ளை பெயின்ற் அடிப்பதாக இருந்தேன். வாங்கிய பெயின்ற் தகரப் பேணி வாசலிலேயே நின்றது. எனக்குப் போக மனமில்லை.

போகாமலும் இருக்க முடியாது. பவளத்தின் தம்பி சிவம் ஈலிங் கொமன் பக்கத்தில் ஹருக்கோ என்ற ஜப்பானிய அம்மா நடத்தும் சிறு விடுதியில் துப்புரவு வேலை செய்கிறான். அங்கே புதிதாக ஒரு ஜப்பானிய அறை கட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்குத் திறக்குமுன் யாராவது ஓர் இரவு தங்கிக் குறை சொல்லவேண்டுமாம். குறை சொல்ல என்னைவிட்டால் ஆள் ஏது? ஆனால் சிவத்தின் மூன்று மாதத் தகுதிகாண் காலம் அடுத்த நாளோடு முடிகிறது. வேலை நிரந்தரம் என்று கடிதம் கிடைத்தால்தான் கொழும்பில் நிற்கும் தன் மனைவியைக் கூப்பிட அவன் விண்ணப்பிக்கலாம். ஆகவே வாயைக் கட்டிக்கொண்டு விக்டோரியாவில் பாதாள ரெயிலுக்கு மாறினேன்.

3.15. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அறைக்குள் கட்டில் இல்லை, கதிரை இல்லை. நிலம் முழுக்கக் கோரைப்பாய். யன்னலுக்குக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் கடதாசி. சுவர் மண் பூசியது, வைக்கோல் துண்டுகள் வெளியே தெரிந்தன. ஊரில் என் தகப்பன், அப்பு, பாடுபட்டு வீட்டு மண்சுவரைச் சீமெந்தாக்கினார். இவர்கள் காசு செலவழித்துச் சீமெந்தை மண்ணாக்கியிருக்கிறார்கள். மூலையில் ஒரு மேடை, அதில் ஒற்றைப் பூ, மேலே தொங்கும் ஒரு எழுத்துச் சீலை. மேடையோரம் ஒரு தூண். பட்டையை உரித்ததோடு சரி, சீவவில்லை. கோணல், முடிச்சு, வார்னிஷும் கிடையாது.

வேலை முடியவில்லையோ என்று சிவத்தைக் கேட்டேன்.

“முடிஞ்சுது அத்தான். ஒரு ஆணி கூட அடிக்கேல்லை, எல்லாம் மரத்துக்கு மரம் கொழுவல். இப்பிடிக் கோணலா விடுறதுதான் வடிவாம். வாபி சாபி எண்டு சொல்லுவினம்.”

“சாபமோ?”

“பகிடி விடாதேங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ. நாளைக்கு ஒம்பது மணிக்கு இதைக் கட்டின ஜப்பான் தச்சர் பார்க்க வாறார்.”

ஊரோடு ஒத்தோடு என்பார்கள். ஓட நான் தயார், இருக்கத்தான் முடியவில்லை. ஐந்து மணிக்குள் முழங்கால் இரண்டும் மரத்துவிட்டன. சாய்ந்து இருக்கச் சுவரை நாடினால் சட்டையெல்லாம் மண். விளக்கும் கடதாசிக் கூட்டுக்குள். தேநீர்க் கிண்ணத்தைத் தடவித்தான் எடுத்தேன். அதுவும் நெளிந்திருந்தது. பவளமோ முகம் கழுவிவிட்டு அந்த மேடைக்கு முன்னால் சப்பாணி கட்டி, அரைமணி நேரம் தேவாரம் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை, காலை 7.00. வெளிச்சம் வந்த பிறகுதான் கண்டேன். தூணின் நெஞ்சு உயரத்தில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

இருமல் மிட்டாய்ப் பேணியொன்றில் பவளத்தின் கைப்பையில் இவை எப்போதும் இருக்கும். மேடையைச் சாமித்தட்டு என்றே நினைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வேறு. சிவத்தின்ரை கடிதத்துக்காக வைத்தேன் என்றாள். கடிதத்துக்கே உலை வைத்துவிட்டாய் என்று சொல்லி, கீழே போய்ப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் பஞ்சும் கொண்டுவந்தேன். தேய்த்தேன். சிவப்பு இளஞ்சிவப்பாகி உள்ளங்கை அளவுக்குப் பரவியது. பஞ்சின் சொரசொரப்புப் பக்கத்தைத் திருப்பினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். சிவப்பு போயிற்று, அந்த இடம் மட்டும் வெளிறி, நார் கிளம்பி, சொறி பிடித்ததுபோல் நின்றது.

9.00. தச்சர் வந்தார். அறுபது வயதிருக்கும், குள்ளமான மனிதர். நேரே தூணுக்குப் போய் அந்த இடத்தில் விரலை வைத்தார். ஹருக்கோ அம்மா சிவத்தைப் பார்த்தார். துடைப்பது அவன் வேலையல்லவா? சிவம் என்னைப் பார்த்தான், ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் தேய்த்தேன் என்று என் உடைந்த இங்கிலீசில் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். பவளம் பேணியைத் திறந்து காட்டினாள்.

“நிலைக்கும் தூணுக்கும் பொட்டு வைக்கிறது எங்கட வழக்கம். வீட்டைத் தாங்கிற சாமான் எல்லோ.”

சிவம் அதை இங்கிலீசாக்க, அந்த அம்மா ஜப்பானியமாக்கினார். தச்சர் நீளமாக மறுமொழி சொன்னார். அவர்கள் ஊரிலும் கூரை ஏற்றும் நாளில் அரிசியும் உப்பும் படைப்பார்களாம். பொட்டு மரத்தின் மேலே இருந்திருக்கும், வருடக்கணக்கில் தானாக மங்கியிருக்கும்; அது பிழையில்லை. சவர்க்காரம்தான் மரத்தின் தோலை உரித்துவிட்டது. அவள் செய்தது மரியாதை, நான் செய்ததுதான் சேதம். மூன்று மொழி தாண்டி வந்தும் அந்த ஏச்சுக்குச் சூடு ஆறவில்லை.

பிறகு பவளத்தின் பேணியைக் காட்டி, உரிந்த இடத்தில் திரும்பவும் வைக்கச் சொன்னார். அவள் சந்தனம் குழைத்து, இம்முறை சற்றுப் பெரிதாகவே வைத்தாள்.

ஹருக்கோ அம்மா சிவத்திடம் திரும்பினார். “திங்கட்கிழமையிலிருந்து அறை கூட்டும்போது இந்தத் தூணைத் துடைக்கவேண்டாம்.”

சிவம் தலையாட்டினான். வாசல்வரை எங்களை வழியனுப்ப வந்தவன், “திங்கட்கிழமையிலிருந்து எண்டு சொன்னவா, என்ன அக்கா?” என்று இரண்டு தரம் கேட்டான்.

“ஓமடா, நானும் காதால கேட்டனான்” என்றாள் பவளம்.

12.40. தோர்ண்டன் ஹீத். முழங்கால் இன்னும் நேராகவில்லை. எங்கள் வீட்டில் கட்டில் உண்டு, கதிரை உண்டு, கதிரைக்குப் பிளாஸ்டிக் உறையும் உண்டு. அழுக்கென்று ஒரு புள்ளி இல்லை. வாசல் நிலையில் மட்டும் பவளம் வெள்ளிக்கு வெள்ளி வைத்த பொட்டுகள். வருடா வருடம் அவற்றை வெள்ளை பெயின்றால் மூடுபவன் நான். அன்று பின்னேரம் மற்ற நிலைகளை எல்லாம் அடித்து முடித்து, வாசல் நிலையை அப்படியே விட்டுவிட்டுப் பெயின்ற் பேணியை மூடினேன்.

பவளம் வந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இதென்ன அரைகுறை வேலை? ஆக்கள் பார்த்தா என்ன சொல்லுவினம்?”