பின்வரிசை மூட்டைகள்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் ஆடிட்டர். அந்தச் சந்தேகத்தைத் தெரிந்த மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று, இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இருப்புக் கணக்கெடுப்பு

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலை. ஊர்க்காரர்களுக்கு அது 'அண்டி ஆபீஸ்'. மார்ச் கடைசி நாள், குடோனில் மூட்டைகளை எண்ணப் போனேன். கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் நாலு மூட்டையைக் குத்திப் பார்த்தேன். நல்ல கொட்டை.

பின்வரிசையையும் பார்க்க வேண்டும் என்றேன். மூட்டை இறக்க இன்றைக்கு ஆளில்லை என்றார் மேனேஜர் தங்கராஜ், என் முகத்தைப் பார்க்காமல். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பதினோரு வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர். கையில் கருக்கு இளநீரைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சாறே, இத்தன வருசமும் மூட்டைய நம்பியா ஒப்பு போட்டீரு? என்னை நம்பித்தானே?"

ஷீலாவின் கேள்வி

நாகர்கோவிலில் என் ஆபீசில் ஆறு வருடமாக இருப்பவள் ஷீலா. ஆலையின் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "சார், கொட்டை உடைக்கிற பொம்பளையள் வாரத்துல மூணு நாளுதான் வந்திருக்காவ. பருப்பு மட்டும் போன வருசத்தைவிடக் கூடியிருக்கு. மிச்சக் கொட்டைய உடைச்சது யாரு?"

முதலாளிக்குப் போன் போட்டேன். வாடகைக்கு மெஷின் எடுத்திருப்பதாகச் சொன்னார். அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. எனக்கும் நம்பத்தான் ஆசையாக இருந்தது. அதை அப்படியே ஃபைலில் எழுதினேன். ஷீலா பக்கத்திலேயே நின்றாள்.

"மெஷினை ஒருதரம் பாத்துட்டு எழுதலாமே சார்?"

இறக்கிய நாள்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அதைக் காட்டி முதலாளி பேங்கில் இன்னும் கடன் வாங்கினார். ஐந்தாவது மாதம் பேங்க் ஆட்கள் குடோனைத் திறந்து அடுக்கை இறக்கினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசை மூட்டைகளைக் கிழிக்கக் கிழிக்க, கொட்டிய எல்லாமே பருப்பு எடுத்துப் போட்ட வெறும் தோடு. முதலாளியின் போன் அணைந்திருந்தது. தங்கராஜ் மெல்ல என் அருகில் வந்தார்.

"ஆளில்லேன்னு சொல்லச் சொன்னது முதலாளி. அன்னைக்கு நீங்க பிடிவாதமா நின்னிருந்தா நானே இறக்கிக் காட்டியிருப்பேன் சாறே."

ரோசம்மாள்

ஆலைக்குச் சீல் வைத்த மறுவாரம் ஓர் அம்மாள் என் ஆபீசுக்கு வந்தார். பெயர் ரோசம்மாள். இருபத்திரண்டு வருடம் அங்கே கொட்டை உடைத்தவர். விரல்களெல்லாம் கொட்டைத் தோட்டின் பால் பட்டுக் கறுத்துப் போயிருந்தன. வேலையும் இல்லை, வரவேண்டிய கிராஜுவிட்டியும் இல்லை. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மெஷின் ஏதும் வரவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். கொட்டையே வராததால்தான் பாதி நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்களாம். எழுந்து போகும்போது கேட்டார்:

"வருசா வருசம் எங்க முன்னால தானே நடந்து போனீரு, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?"

இப்போது விசாரணைக்காரர்கள் என் ஃபைல்களை ஒரு தாள் விடாமல் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆடிட் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை இந்த வயதில் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.