விலைச்சீட்டு உள்ளே மடிந்திருக்கும்

ஷாஹுல் ஹமீது புடவையை விரித்தால் விலைச்சீட்டு எப்போதும் உள்மடிப்புக்குள் போய்விடும். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, கொசுவத்தை இரண்டு விரலால் விசிறிக் காட்டுவார். தாடிக்குக் கீழே மாம்பழக் கலர் பட்டு. யாரும் சிரிப்பதில்லை, பெண்கள் புடவையைத்தான் பார்க்கிறார்கள்.

"வெல எவ்ளோ பாய்?"

"அத்த கல்லாவாண்ட கேளும்மா. என்னாண்ட கலரைக் கேளு. சாய்ங்காலம் லைட்டு போட்டா வேற மாரி கீது பாரு!"

பாண்டி பஜாரில் சண்முகவேல் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு மலிவான நைலக்ஸ் புடவை கேட்டு வருகிறவர்கள் இவர் பேச்சில் பட்டோடு போகிறார்கள். கணக்கு மட்டும் மனிதருக்கு வேப்பங்காய். கண்டக்டர் தரும் சில்லறையை எண்ணாமலே பைக்குள் போடுவார். அவருக்குப் பிடித்த ஒரே கணக்கு ஒன்பது கஜம்.

போன மாதம் கல்லாவில் இருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

"பாய், நீரு நம்பிக்கையான ஆளு. கல்லாவுல உக்காரும்வே," என்றார் அண்ணாச்சி.

நாற்காலி, மின்விசிறி, கூடுதல் சம்பளம். நாளெல்லாம் வெள்ளை விரித்த மேடையில் மண்டியிட்டு மூட்டு வீங்கிப்போனவருக்கு வேறென்ன வேண்டும்? மனைவி குல்ஷனுக்கு ஒரே சந்தோஷம். "உன் முட்டிக்கு எண்ணெ தேச்சே என் கை ஓஞ்சிபோச்சி. ஒயுங்கா அங்கியே குந்து," என்றாள்.

குந்தினார். வாயைத் திறக்காத பாயைப் பார்க்க, அதே கடையில் பொட்டலம் கட்டும் எனக்கே பாவமாக இருந்தது.

ஒருநாள் மயிலாப்பூர் மாமி ஒருத்தி பணம் கட்ட வந்தாள். பொட்டலத்தை வாங்கிய பாய் பில்லைப் பார்க்கவில்லை. நூலைப் பிரித்துவிட்டார்.

"இத்த யாரு மாமி எடுத்துக் குடுத்தது? உங்க பொண்ணு மாநிறம்னு போன தபா சொன்னீங்களே. அரக்குல்ல எடுக்கணும்!"

"அப்படியா சொல்றேள்? நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கப்போறா. அதையே காட்டுங்கோ."

பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. கல்லாப்பெட்டி ஆவென்று திறந்து கிடக்க, பாய் மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஓடிவந்து பெட்டியைச் சாத்தினார்.

"ஏன்வே, இப்படியா போட்டுட்டுப் போவீரு? கல்லான்னா கல்லா, மேடைன்னா மேடை. மேடைக்குப் போனா பழைய சம்பளந்தான். இப்பவே சொல்லும்!"

பாய் ஒரு நிமிஷம் மின்விசிறியைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கல்லாச் சாவியை எடுத்து அண்ணாச்சி கையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு மெல்ல மேடையில் மண்டியிட்டார். மறுகை, அரக்குப் புடவையின் விலைச்சீட்டைத் தேடி உள்ளே மடித்தது.