சீனி முகம்மது பூட்டிய கதவு

சீனி முகம்மது பெரிய மனிதர் இல்லை. பினாங்குக் கடற்கரையோரம் அப்துல் காதர் முதலாளியின் அரிசி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குக் காவல்காரர், அவ்வளவுதான். எதிர்வரிசையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த எனக்கு அவரைத் தினமும் பார்க்கும் பாக்கியம் இருந்தது. பாதி நாள் அது தொல்லை. கொடுத்த தேநீரில் பாலாடையை எடுத்துப் பூனைக்கு வைத்துவிட்டு, "இஸ்மாயில் தம்பி, பால் பத்தல லா" என்று கோப்பையை மறுபடி நீட்டுவார்.

பூனைக்குக் குந்தாணி என்று பெயர். பெயருக்கேற்ற உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது எப்படி எலி பிடித்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் பிடித்தது. அந்நிய ஆட்களைக் கண்டால் மட்டும் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மனைவியைக் காலராவுக்குப் பறிகொடுத்த பிறகு சீனி முகம்மதுவுக்கு என்று இருந்த உயிர் அது ஒன்றுதான். அதை அவர் வெளியில் சொல்ல மாட்டார். எலிக்காக வளர்ப்பதாகச் சொல்வார்.

அந்த வருஷம் ஊரில் வெறிநாய்க்கடி பரவியது. நாய்களுக்கு வந்த உத்தரவு பூனைகளுக்கும் வந்தது. அடைத்து வைக்க வேண்டும், தெருவில் கண்டால் சுட்டுவிடுவார்கள். மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த திருநாவுக்கரசு கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

"வச்சுக்க இடம் இல்லாட்டி எங்ககிட்டக் கொண்டாந்து விடுங்க. கூண்டுல வச்சுப் பாத்துக்குவோம். நோய் அடங்குனதும் திருப்பித் தந்துடுவோம்" என்றார். பக்கத்துக் கடை ஹபீபா பீவி அன்றைக்கே தன் பூனையைக் கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சீனி முகம்மது அசையவில்லை. "ஐயா, பூனைய அடைச்சு வச்சுப் பட்டினி போட்ட பொம்பள நரகத்துக்குப் போனா. பள்ளிவாசல்ல சொல்லிக் கேட்டிருக்கேன். கூண்டு வேணாம்."

"நாங்க பட்டினி போட மாட்டோம்ணே."

"கூண்டுக்குள்ள வச்சா அது சாப்பிடாது. அதுவும் பட்டினிதானே."

எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளியில் எத்தனையோ கேட்கிறோம், இந்த மனிதருக்கு ஒட்டிக்கொண்டது இது ஒன்று. திருநாவுக்கரசு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் எங்கள் சந்திலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. எண்ணெய்க்கடைப் பூனை சாக்கடையோரம் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு சீனி முகம்மதுவின் பிடிவாதம் பயமாக மாறியது. குந்தாணியைக் கிட்டங்கிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். கூண்டு இல்லை, இவ்வளவு பெரிய இடம், சுற்றி வரலாம், எலி இருக்கிறது என்று எனக்குக் காரணம் சொன்னார். உண்மையில் அவருக்கே சொல்லிக்கொண்டார். ஒரு சிரட்டையில் தண்ணீரும், இலையில் மீன் பிசைந்த சோறும் இரண்டு வேளையும் வைப்பார். முதலாளியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பிடித்துக் கூண்டுக்குக் கொடுத்துவிடுவார் என்று பயம். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த கிட்டங்கியில் செத்த எலிகள் கிடந்ததாகப் பேச்சு வந்தது. பிளேக் என்றால் அரிசி வியாபாரிகளுக்குக் குலை நடுங்கும். அப்துல் காதர் முதலாளி, எலிகளைக் கொல்லக் கந்தகப் புகை போடும் ஆட்களை அமர்த்தினார். வேலையாட்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம்தான் வசதி என்று, சீனி முகம்மதுவிடம்கூடச் சொல்லாமல் தன்னிடமிருந்த சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளியில் இருந்தேன். சீனி முகம்மது எனக்கு முன் வரிசையில் தொழுதுகொண்டிருந்தார்.

சேர்ந்துதான் திரும்பினோம். கிட்டங்கிக் கதவின் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி. வாசலில் ஓர் ஆள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"தொறங்க" என்றார் சீனி முகம்மது.

"நாளைக்குக் காலையிலதான். இப்பத் தொறந்தா புகையெல்லாம் போயிடும், மறுபடி மொதல்லேர்ந்து போடணும்."

"உள்ள பூனை இருக்கு."

அவன் சிரித்தான். "ஆளு கீளு இருக்குன்னு பயந்துட்டேன். பூனைதானே."

ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவைப் பெயர்த்தே திறந்திருப்பான். அந்த நேரத்தில் சீனி முகம்மதுவுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அப்போதுதான் தொழுதுவிட்டு வந்த வாயில் பொய் வந்திருக்காது. நான் முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அவர் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் படகேறிவிட்டிருந்தார்.

திரும்பி வந்தபோது சீனி முகம்மது கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே கதவைப் பிறாண்டும் சத்தம் எனக்கும் கேட்டது. அவர் காகிதத்தைக் கிழிக்கப் போக, அந்த ஆள் அவரைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தவர் எழுந்து மறுபடி காதை வைத்தார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே சத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவர் காதை எடுக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக எதையும் செய்ய முடியாமல் நான் நின்றதில்லை.

காலையில் கதவைத் திறந்ததும் குந்தாணி வாசற்படியிலேயே கிடந்தது. பக்கத்தில் இலையில் கொஞ்சம் சோறு மீதி இருந்தது. சீனி முகம்மது சட்டையைக் கழற்றி அதில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

நோய் அடங்கி உத்தரவு நீங்கியதும் திருநாவுக்கரசு கூடையோடு வந்தார். ஹபீபா பீவியின் பூனை கொழுத்துப் போய் வெளியே குதித்தது. சீனி முகம்மது என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருநாவுக்கரசு காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரால் பூட்டுப் போட முடியவில்லை. சாவியைக் கையில் எடுப்பார், மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், வெளியே வருவார், மறுபடி உள்ளே போவார். கதவு திறந்தே கிடக்கும். பூட்டத் தெரியாத காவல்காரரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? ரம்ஜானுக்கு முன்பே அனுப்பிவிட்டார். பிறகு டத்தோ கிராமாட் பக்கம் ஓர் அறையில் கதவைச் சாத்தாமலே கிடந்து, அங்கேயே மௌத்தானார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பொம்பள சோறும் வைக்கல, தண்ணியும் வைக்கல. நான் ரெண்டும் வச்சேன் தம்பி. அது கணக்குல சேருமா?"

சேரும்ணே என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.