மூச்சு விடாத லேப்டாப்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் தெருமுனை வரைக்கும் தெரியும். மேசைக்கடியில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஃபேன். முதலில் செருமும். அப்புறம் தண்ணீர் லாரி மேடேறுகிற மாதிரி இழுக்கும். கடைசியில் ஒரே சீராக ஊளையிட ஆரம்பிக்கும். எனக்கு அது தாலாட்டு. சிகந்திராபாத் லாலாகுடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவன் நான். சத்தம் போடுகிற மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் நாங்கள் எழுந்து ஓடுவோம்.

கஷ்டமெல்லாம் என் மனைவிக்கு. மாதாப்பூர் பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவள் வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும், இந்தியில் வரும், இங்கிலீஷில் வரும். ஒரு முழு வாக்கியத்தையாவது தமிழில் பேச வைத்துவிட வேண்டும் என்று அவள் போராட, குறுக்கே ஃபேன் ஊளையிடும். ஒரு பெண்ணின் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "மேடம், உங்க வீட்டுக்குப் பக்கத்துல மாவு மில்லு இருக்கா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களும் கூடவே உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், அதற்குப் பிறகுதான் வகுப்பைத் தொடர்வதா வேண்டாமா என்று சொல்வார்கள் எனச் செய்தி வந்தது. மனைவி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வீடு வீடா பேசி நானே சேர்த்த பிள்ளைங்க. இது போயிடுச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லங்க," என்றாள்.

"அவ்வளவுதானே? சின்னதா ஒரு லேப்டாப் வாங்கிட்டாப் போச்சு," என்றேன் வீராப்பாக. சொல்லி முடித்ததும் பால்கனிப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். காரணம் உண்டு. நான் கடைசியாகப் பொறுப்பேற்று வாங்கிய கிரைண்டர் இப்போது பால்கனியில் துளசித் தொட்டிக்கு முக்காலியாக இருக்கிறது.

வொர்க்‌ஷாப்பில் டீ நேரத்தில் விசாரித்தேன். ஒருவர் ராம் முக்கியம் என்றார். இன்னொருவர் பிராசஸர்தான் உயிர்நாடி என்றார். மூன்றாமவர், வாங்கினால் பெரிதாக வாங்கு, இல்லையென்றால் வாங்காதே என்றார். எல்லாருக்கும் தலையாட்டினேன். புரியாததைச் சொல்கிறவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டுவது எங்கள் டிபார்ட்மென்ட் வழக்கம்.

சனிக்கிழமை சிகந்திராபாத்தில் ஒரு கடைக்குப் போனோம். காலேஜில் படிக்கும் மகள் துணைக்கு வந்தாள். துணைக்கு என்றால், நான் ஏதாவது செய்தால் வேறு குடும்பம் மாதிரி தள்ளி நிற்பதற்கு.

எனக்குத் தெரிந்த ஒரே பரிசோதனையை ஆரம்பித்தேன். வரிசையாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்களின் மேல் ஒவ்வொன்றாகக் காதை வைத்தேன்.

"அப்பா, நக்கோ! அந்தரு சூஸ்துன்னாரு," என்று மகள் பல்லைக் கடித்தாள். வேண்டாமாம், எல்லாரும் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். ரயில் பெட்டியில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று காது வைத்துக் கண்டுபிடிக்கும்போது எங்களை யாரும் பார்ப்பதில்லை, அந்தக் குறை இன்றைக்குத் தீரட்டும்.

பெரிய லேப்டாப் ஒன்று அடிவயிற்றிலிருந்து உறுமியது. "இதுதான்! எப்படி மூச்சு விடுது பாரு!" என்றேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாம மூச்சு விடாததத்தானே தேடி வந்திருக்கோம்?"

அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

மூலையில் நெட்புக் என்கிற குட்டி லேப்டாப் ஒன்று இருந்தது. இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான். அகலம், எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட. காதை வைத்தேன். ஒன்றுமில்லை. திருப்பி அடியில் உள்ளங்கையை வைத்தேன். சூடும் இல்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், இது போய்ச் சேர்ந்துவிட்டது என்று இந்தியில் தெரிவித்தேன்.

"மரா நை, சாப். இஸ்மே ஃபேனிச் நை," என்றார் அவர். சாகவில்லை, இதில் ஃபேனே கிடையாது.

ஃபேனே இல்லையா! எனக்கு வியர்த்தது. "ஜல் ஜாத்தா நை?" எரிந்துபோகாதா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சின்ன வேலைக்குச் செய்தது, அதனால் சூடு குறைவு. கேம் ஆடக்கூடாது, ஒரே சமயத்தில் பத்து விஷயத்தைத் திறந்து வைக்கக்கூடாது. உள்ளே இடமும் கம்மி; படம், வீடியோ எல்லாவற்றையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதிலும் ஆபத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன கல்யாண வீடியோவா வெச்சுக்கப் போறேன்? நவுருங்க," என்று மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தமிழில் ஒரு பத்தி தட்டினாள். மூடியைத் திறந்து மூடினாள். கேமராவில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள். பிறகு என்னை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளிருந்தபடி வீடியோ காலில் கூப்பிட்டாள். என்னைச் சுற்றி பஸ், ஆட்டோ, ஒரு ஜூஸ் வண்டி. அத்தனைக்கும் நடுவே போனில் அவள் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ உள்ள வந்து பில்லு போடச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. "அறைக்குள்ள தலைகாட்டக்கூடாது," என்று உத்தரவு. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே வகுப்பு ஆரம்பித்தது. செருமல் இல்லை, லாரி இல்லை, ஊளை இல்லை. பழக்கப்பட்ட காது தவித்தது. கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரலும் நின்றுவிட்டது.

தீர்ந்தது என்று நினைத்தேன். எரிந்துவிட்டது. அத்தனை பெற்றோர் முன்னால். கடைக்காரரின் பேச்சைக் கேட்டு, ஃபேன் இல்லாத ஒன்றை என் கையாலேயே பையில் போட்டுத் தூக்கிவந்தேனே! ஹாலில் இருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கிக்கொண்டு, ஒயர் தரையில் இழுபட, லுங்கியும் பனியனுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன்.

"செத்துப்போச்சா?"

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், பெரியவர்களும் பிள்ளைகளும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொல்லிவிட்டு மனைவி சும்மா இருந்திருக்கிறாள்.

கேள்விக்கெல்லாம் தெலுங்கிலேயே பதில் சொல்கிற ஒரு பெண், மாவு மில் அம்மாவின் மகள், திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"யாரும் சாகல அங்கிள். நாங்க படம் பாக்கறோம். நீங்க ஏன் பயப்படறீங்க?"

தமிழ். ஒன்றல்ல, மூன்று வாக்கியம். மனைவியின் வாய் பிளந்தது. மற்றவர்கள் விடுவார்களா?

"அங்கிள், ஃபேன் எதுக்கு?"

"அங்கிள், உங்க சட்டை எங்க?"

"பனியன்ல ஓட்டை இருக்கு!"

என்னை முறைத்துத் துரத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கேமராவை என் பக்கம் திருப்பினாள். "அங்கிள் அப்படியே நிக்கட்டும். கையில என்ன வெச்சிருக்காரு? ஏன் ஓடி வந்தாரு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க." வகுப்பு முடியும்வரை ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி பாடமாக நின்றேன். கை மரத்துப்போனது. நெட்புக் கடைசிவரை மூச்சு விடவே இல்லை.

முடிவில் மாவு மில் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "மேடம், ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்டுச்சு. நாங்க தொடர்றோம். எங்க அபார்ட்மென்ட்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க சேரணும்னு கேக்கறாங்க. ஒண்ணு மட்டும், சாரும் வருவாரில்ல?"

அன்று மதியம் எனக்கு இரண்டாவது அப்பளம் கேட்காமலே கிடைத்தது.

"அடுத்த வாரம் மழைப் பாடம். குடைய எடுத்துக்கிட்டு ஓடி வாங்க," என்றாள். "சட்டை போட்டுக்கிட்டு."

சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். பதற்றத்துக்குத் தனியாக ஒத்திகை வேண்டாம். அது எந்த நேரமும் தயாராகத்தான் இருக்கிறது.