கவினா குடித்த கேஸ் தண்ணி

சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கக் கற்றுக்கொள்ள வரும் புது ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது கவினா வந்த கதையைத்தான்.

ஐந்து வயது. ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம், எடையும் ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கமும் எடுத்தாயிற்று. குடல் அழற்சி நோயாக இருக்கலாம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, குடலுக்குள் கேமரா குழாய் விட்டு ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் பிள்ளைகள் டாக்டர். அம்மா சரசு மசியவில்லை.

"மயக்க ஊசியெல்லாம் வேணாம் டாக்டர். இங்கயே ஸ்கேன் பண்ணிப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆக, எல்லாம் என் மெஷின் தலையில் விழுந்தது. வயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் எடுக்கும் கைக்கருவியான புரோபை வைத்தேன். திரை முழுக்க ஒரே வெள்ளை. குடலில் காற்று நிறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் பிடிபடாது.

"காலையில என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மிஸ்ஸி," என்றாள் சரசு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருமே தோட்டத்தாருக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ்தான். நான் ரேடியோகிராபர் என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

அப்பா, லோரி டிரைவர், தொண்டையைச் செருமினார். "வழியில ஒரு டின் கேஸ் தண்ணி வாங்கிக் குடுத்தேன் லா. வயித்துக்கு நல்லதுன்னுதான்..."

வயிறு சரியில்லை என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் அந்தச் சோடா பானம்தான் கைமருந்து. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"நல்லா வாங்கிக் குடுத்தீங்க போங்க. இப்ப நீங்களே இவளக் கூட்டிட்டு வராண்டாவுல நடங்க."

நடந்தார்கள். கவினா பெரிய ஏப்பமாக விட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவை புரோபை அவள் கையிலேயே கொடுத்து, மேலே என் கையை வைத்து மெல்ல அழுத்தினேன். காற்று ஒதுங்கிப் பெருங்குடல் தெரிந்தது. சுவர் தடித்துப்போயிருந்தது. ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் டாப்ளரைப் போட்டதும் அங்கே சிவப்பும் நீலமுமாக மினுக்கியது.

"பாருங்கம்மா," என்றார் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். "இந்தச் சுவரு மெல்லிசா இருக்கணும். வீங்கி, ரத்த ஓட்டம் கூடியிருக்கு. என்ன நோய்னு உறுதியா தெரிஞ்சிக்க ஸ்கோப் வேணும்."

சரசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தனையும் வயித்துல வச்சிக்கிட்டா இந்தப் புள்ள ஓடி ஆடிக்கிட்டிருந்துச்சு?" கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள். "ஈப்போவுக்கு எப்ப போலாம்னு கேளுங்க."

ஸ்கோப்பில் நோய் உறுதியானது. மருந்து தொடங்கினார்கள். சில மாதம் கழித்து ஸ்கேனுக்கு வந்தபோது கவினாவின் கன்னம் உப்பியிருந்தது. புரோபை அவளே வாங்கிக்கொண்டாள். சுவர் மெலிந்திருந்தது, டாப்ளரில் மினுக்கல் இல்லை.

"கலர் எங்க ஆன்ட்டி? மெஷின் கெட்டுப்போச்சா?"

அப்பா பதறிவிட்டார். "இன்னிக்கு நான் ஒண்ணுமே வாங்கிக் குடுக்கல மிஸ்ஸி."

சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதனால் திரையை அம்மா பக்கம் திருப்பி வையுங்கள், புரோபைப் பிள்ளையிடம் கொடுங்கள். கேஸ் தண்ணி கூடாது என்பதை மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.