எனக்குக் கிடைத்த ஒரே வசனம்

பள்ளிக்கூடப் பகிடிப் படங்களில் என் நிறத்தில் ஒருத்தி வந்தால் அவளுக்கு ஒரே வேலைதான். கதாநாயகனின் கூட்டாளியைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும். அவன் தலைதெறிக்க ஓட வேண்டும். கரடியனாற்றில் எங்கள் வீட்டில் இப்படி எத்தனையோ படம் போட்டிருக்கிறோம். நான் பார்ப்பேன், அப்பா கேட்பார். எனக்கு நாலு வயதிருக்கும்போது ஷெல் விழுந்து அவருடைய இரண்டு கண்களும் போய்விட்டன.

“இப்ப ஏன் மகள் எல்லாரும் சிரிக்கிறாங்க?”

“ஒரு கறுப்புப் புள்ள வந்திருக்கு அப்பா.”

“அதுக்கு?”

எங்களைப்போலப் பேசுகிறவர்கள் எப்போதாவது அந்தச் சென்னைப் படங்களில் வருவார்கள். அகதியாக வருவார்கள், அழுவார்கள், போவார்கள். வகுப்பில் இருந்து பகிடி விட ஒருவரும் வந்ததில்லை.

நான் உயர்தரம் படிக்கும்போது, செங்கலடியில் கம்பஸில் படிக்கும் அண்ணன்மார் சிலர் சேர்ந்து அப்படியொரு பள்ளிக்கூடப் படம் எடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருக்க ஒரு குண்டன், புரியாணிப் பகிடிக்கு ஒரு முஸ்லிம் பையன், காதலிக்க ஒரு வெள்ளைத் தோல்காரி. ஓடவைக்க நான். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். நான் வளர்ந்த முகம் அப்பாவுக்குத் தெரியாது. குரல் தெரியும். ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு நடுவில் இருந்து அவர் என் குரலைக் கேட்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான்.

எழுதித் தந்த வசனம் வெறும் கெஞ்சல். கெமராவுக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கொப்பியைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டு ஓடுகிறவனைப் பார்த்து, “ஓடுறதெண்டா ஓடு. மறுகா வந்து என்னட்டக் கொப்பி கேக்காத” என்றேன். நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இயக்குநர் அண்ணனும் சிரித்துவிட்டு, “சரி, இதே கிடக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுதான் பேச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவைத்துச் சிரிப்பார்.

படம் போட்ட அன்று அப்பா நல்ல சாரனாகக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். முதல் காட்சி வந்தது. வாவிக்கரைப் பள்ளிக்கூடம், எங்கள் வெள்ளைச் சீருடை, ஆனால் எல்லோர் வாயிலிருந்தும் சென்னைப் பேச்சு வந்தது. வேறு ஆட்களை வைத்துக் குரல் கொடுத்திருந்தார்கள். என் முகம் வந்தது. வாய் அசைந்தது. “ஐயோ மாமா, நில்லு மாமா!” என்று எவளோ ஒருத்தி கீச்சிட்டாள். மண்டபம் அதிர்ந்தது. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

படம் முடிந்ததும் அப்பாவைக் கதிரையிலேயே இருத்திவிட்டு, வாசலில் நின்ற இயக்குநர் அண்ணனிடம் போய், என் குரல் எங்கே என்று கேட்டேன்.

“நம்மட பேச்சில பகிடி எடுபடாது தங்கச்சி. நாடகம் மாதிரிப் போயிரும்” என்றார். அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே மனிதர்.

திரும்பி வந்தபோது அப்பா கேட்டார்: “உன்ட பகுதி வரல்லியே மகள்?”

“வெட்டிப்போட்டாங்க அப்பா.”

வேறு என்ன சொல்ல? அவர் முகம் தொங்கிப்போனது. எழும்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றோம். படம் பார்த்துவிட்டு வந்த பொடியன்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “ஐயோ மாமா, நில்லு மாமா!” என்று கீச்சிட்டபடி என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது.

பஸ்ஸில் ஏறி இருந்தோம். அப்பா மெதுவாக, “நானும் சிரிச்சிட்டன் மகள்” என்றார்.

நான் பஸ் காசைக் கொடுத்து டிக்கெட்டை அவர் கையில் வைத்தேன்.

“அத ஒருக்காச் சொல்லு.”

பஸ் நிறைய ஆட்கள். நான் உரத்தே சொன்னேன்: “ஓடுறதெண்டா ஓடு. மறுகா வந்து என்னட்டக் கொப்பி கேக்காத.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.